ஃப்ளாரன்ஸுக்கு வாங்களேன்

யாரையும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. "வாங்களேன்" என்று சொன்ன வாய் என்னுடையது. அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது, வேறென்ன சொல்ல?

இர்விங்கில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு புதுமனை புகுவிழா. பேப்பர் தட்டோடு சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் நின்ற ஆன்ட்டி திரும்பி, "என்னம்மா, மூணு மாசம் இத்தாலிக்குப் போறியாமே, தனியாவா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நம்மால் முடியுமா? ஒரு ஊருக்குப் போகிறோம் என்றால் "நீங்களும் வாங்களேன், வந்து தங்குங்களேன்" என்று சேர்த்துச் சொன்னால்தான் நமக்கு மரியாதை. சொல்லாவிட்டால் ஏதோ திருட்டுத்தனமாகப் போவதுபோல் ஆகிவிடும். சொன்னேன். ஆன்ட்டியிடம் சொன்னேன், அவருக்கு முன்னால் நின்றவர்களிடம் சொன்னேன், பின்னால் நின்றவர்களிடமும் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் பொரியல் போட்டுக்குங்க" என்று சொல்வோமே, அந்தக் குரலில்தான் சொன்னேன்.

இந்த வார்த்தையை யாரும் நிஜமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். டெக்சாஸுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். இதுவரை எத்தனையோ பேர் என்னை எத்தனையோ ஊருக்கு வாங்களேன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ஒருத்தர் வீட்டுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றதில்லை. ஆனால் அவர்கள் கூப்பிட்டதெல்லாம் பார்க்க ஒன்றுமில்லாத ஒமாஹாவுக்கும் டல்சாவுக்கும். நான் கூப்பிட்டது ஃப்ளாரன்ஸுக்கு. அந்த வித்தியாசம் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். லாஸ் கொலினாஸில் ஒரு அலுவலகத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. பெண் காலேஜுக்குப் போய்விட்டாள். நூலகத்தில் பழைய புத்தகங்களைத் தள்ளிவிடும் மேஜையிலிருந்து இத்தாலியச் சுவரோவியங்கள் பற்றிய கனமான புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். எப்படிச் சொல்வது, அந்தப் படங்களில் இருந்த முகங்களை எனக்குத் தெரிந்திருந்தது. எல்லோரும் ஏதோ வேலையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஃப்ரீவேயில் போகும்போதும் வரும்போதும் காரில் இத்தாலியப் பாடம் போட்டுக் கேட்க ஆரம்பித்தேன். அந்த மொழியில் அநேகமாக எல்லாச் சொல்லும் உயிரோசையில்தான் முடியும். தமிழ் பேசும் வாய்க்கு அது வளைந்து கொடுத்தது. என் கணவர், "இதைக் கத்துக்கிட்டு யார்கிட்ட பேசப் போற? ஸ்பானிஷ் கத்துக்கோ, யூஸ் ஆகும்" என்றார். யூஸ் ஆகிற காரியங்களை மட்டுமே ஐம்பத்திரண்டு வயதுவரை செய்தாகிவிட்டது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சம்பளமில்லாத விடுப்புக் கேட்டபோது மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் விசாவுக்கு ஹூஸ்டன்வரை போய் வந்தேன். தொண்ணூறு நாளுக்கு மேல் ஒரு நாள்கூடத் தர மாட்டார்கள். ஃப்ளாரன்ஸில் ஒரு சின்னப் பள்ளி. காலையில் மொழி, மதியம் ஓவியம், மொத்தம் பன்னிரண்டு வாரம். கடைசி வெள்ளிக்கிழமை ஒவ்வொரு மாணவரும் தனக்குப் பிடித்த ஒரு ஓவியத்தின் முன்னால் வகுப்பை நிற்கவைத்து, அதைப் பற்றிப் பத்து நிமிஷம் இத்தாலியனில் பேச வேண்டும். நான் பள்ளியைத் தேர்ந்தெடுத்ததே அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான். என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசவிட்டதில்லை.

முதல் இரண்டு வாரம் சொர்க்கம். மூன்றாவது மாடியில் ஓர் அறை, கட்டிலை ஒட்டி ஓர் அடுப்பங்கரை, லிஃப்ட் கிடையாது. கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா இருந்தார். நான் கடுகு தாளித்த அன்று மேலே வந்து எதையோ கருக்கிவிட்டேனா என்று பார்த்துவிட்டுப் போனார். காய்கறிக்காரர் தக்காளியைத் தொடவிட மாட்டார். நான் என்ன சமைக்கப் போகிறேன், இன்றைக்கா நாளைக்கா என்று கேட்டு அவரேதான் எடுத்துக் கொடுப்பார். அந்தத் தக்காளியை வாங்க ஒரு முழு உரையாடல் தேவைப்பட்டது, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். காபிக் கடையில் நின்றபடியே குடித்துவிட்டு, பள்ளிக்கு நடந்து போவேன். மத்தியானம் கடையெல்லாம் சாத்திவிடுவார்கள். தெரு அப்படியே அடங்கிவிடும்.

என் ஓவியத்தையும் அந்த நாட்களில்தான் கண்டுபிடித்தேன். சுற்றுலாக்காரர்கள் எட்டிப் பார்க்காத ஒரு சின்னத் தேவாலயம். வரைந்தவர் யாரென்று தெரியாது. சுவரில் பாதி உதிர்ந்துபோன ஒரு காட்சி: மேரி மாதா குழந்தையாகப் பிறந்த வீடு. குழந்தையை ஒருத்தி குளிப்பாட்டுகிறாள். நல்ல துணி உடுத்திய பெண்கள் சீர்வரிசையோடு வரிசையாக வருகிறார்கள். பெற்றவள் கட்டிலில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்திருக்கிறாள். அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்க்கிறாள். இத்தனை பேருக்கும் யார் காபி போடுவது என்கிற முகம். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வாரம் என் கணவர் மதிய இடைவேளையில் போன் பண்ணினார். எனக்கு அது சாயங்காலம்.

"நம்ம பக்கத்துத் தெரு ஃபேமிலி ஸ்ப்ரிங் பிரேக்குக்கு அங்க வராங்களாம். நீதான் வரச் சொன்னியாமே? அட்ரஸ் குடுத்துட்டேன்."

"ஒரே ரூம்தான் இருக்கு, தெரியும்ல?"

"ரெண்டு நாள்தானேப்பா. ஹோட்டல்னா குழந்தைங்க சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுவாங்க."

இரண்டு நாள் ஐந்து நாளாயிற்று. நாலு பேர், கட்டிலில் மூன்று, தரையில் இரண்டு, என்னையும் சேர்த்து. பிள்ளைகள் இரண்டும் நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொல்லின. ஓவியக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரியவன் மூன்றாவது அறையில், "ஆன்ட்டி, இஸ் தேர் எனிதிங் அதர் தேன் பெயின்டிங்ஸ்?" என்று கேட்டான். அவன் அம்மா, "வெளிய ஜெலாட்டோ ஐஸ்க்ரீம் வாங்கித் தருவாங்கடா, சும்மா இரு" என்றாள். வாங்கித் தந்தேன்.

அவர்கள் போட்ட போட்டோக்கள் வாட்ஸாப் குழுவில் ஏறின. அதோடு முடிந்தது என் கதை. ஐந்தாவது வாரம் என் கணவரின் கல்லூரி நண்பர் கலிஃபோர்னியா சான் ரமோனிலிருந்து மனைவியோடும் அப்பா அம்மாவோடும் வந்தார். அந்தப் பெரியவருக்கு மூன்று மாடி ஏற முடியவில்லை, ஒவ்வொரு மாடியிலும் நாற்காலி போட்டு உட்கார வைத்து ஏற்றினேன். எட்டாவது வாரம் ஒரு டாக்டர் தம்பதி. எல்லோரும் நல்ல மனிதர்கள், அதுதான் கொடுமை. யாரும் வெறுங்கையோடு வரவில்லை. முறுக்கு, பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்தார்கள். என் அலமாரி இர்விங் அலமாரியைவிட நிறைந்திருந்தது. நான் காலையில் பொங்கல் வைத்து, மத்தியானம் கோபுரத்துக்கு வரிசையில் நின்று, சாயங்காலம் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, பீட்சாவில் மாமிசம் கலந்திருக்கிறதா என்று கடை கடையாய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் பாதி நாள் நான் இல்லை. ஆசிரியை ஒரு நாள் நிறுத்தி, "உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். விருந்தாளிகள் என்றேன். "மறுபடியுமா?" என்றார். "நீங்கள் ஏன் வேண்டாமென்று சொல்லவில்லை?" அவரிடம் என்னவென்று விளக்குவது? எனக்குத் தெரிந்த இத்தாலியனில் அதற்கு வழியில்லை. தமிழிலும் இல்லை என்பதை அறைக்கு நடந்து போகும்போது யோசித்துப் பார்த்தேன். கோபம் வந்தது. அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

பன்னிரண்டாவது வாரம் யாரையும் சேர்ப்பதில்லை என்று கணவரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். சரி சரி என்றார். புதன்கிழமை என் நாத்தனார் வந்து இறங்கினார். கணவரின் அக்கா, ஹூஸ்டன் பக்கம் சுகர் லேண்டில் இருப்பவர், கூடவே அவருடைய கணவர்; நான் அண்ணி, அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். "யாரையும்னா அக்காவையுமா?" என்று போனில் என்னவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அண்ணி பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால், "நல்லாத்தான் இருக்கோம், வெச்சுடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வந்தவுடனேயே இருவரிடமும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னேன். இந்தக் கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து சாவியில்லாமல் திறக்காது. சாவி இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். ஒரு சாவி என்னிடம், மற்றொன்று கீழ்வீட்டு அம்மாவிடம். "நாங்க என்ன குழந்தைங்களா?" என்று அண்ணி சிரித்தார்.

வியாழக்கிழமை முழுக்க அவர்களைச் சுற்றிக் காட்டினேன். நடக்கும்போதெல்லாம் உதட்டுக்குள் என் பத்து நிமிஷத்தை ஓட்டிப் பார்த்தபடியே வந்தேன். எழுதி, ஆசிரியை திருத்தி, மனப்பாடம் செய்து, காய்கறிக்காரரிடம்கூட ஒரு பகுதியைச் சொல்லிக் காட்டியிருந்தேன். அண்ணி, "என்னடி தனியாப் பேசிக்கற?" என்றார். நாளைக்குப் பரீட்சை மாதிரி ஒன்று அண்ணி, காலையில் நான் இருக்க மாட்டேன் என்றேன். "கிளாஸ்தானே? நாளைக்கு பீசா போய் அந்தச் சாஞ்ச கோபுரத்தப் பாக்கலாம்னு அண்ணன் ஆசைப்பட்டாரே" என்றார்.

"மத்தியானம் போலாம் அண்ணி. காலையில முடியாது."

முடியாது. சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வாரத்தில் முதல் முடியாது. அண்ணியின் முகம் கொஞ்சம் சுருங்கியது. எனக்குக் குற்ற உணர்ச்சிக்குப் பதில் பசி எடுத்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, பதற்றத்தில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பினேன். பத்தரை மணிக்கு என் முறை. பத்தேகாலுக்குத் தேவாலயப் படியில் நிற்கிறேன், உள்ளே ஒரு ஜெர்மன் பையன் பேசுவது கேட்கிறது, போன் அடிக்கிறது. அண்ணி. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்காமல் இருந்திருக்கலாம். இன்றுவரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது தடவை எடுத்தேன்.

"நாங்க மாடிப்படியில நிக்கறோம்மா. கதவு லாக் ஆயிடுச்சு. அடுப்புல பால் வெச்சிருக்கேன்."

"எதுக்கு அண்ணி வெளிய வந்தீங்க? சொன்னேனே!"

"நீ சாப்பிடாம போறியேன்னு டப்பாவுல இட்லி போட்டு எடுத்துட்டு ஓடி வந்தேன். அதுக்குள்ள நீ கீழ எறங்கிட்ட. அண்ணன் என் போன எடுத்துக்கிட்டு, உன்னைக் கூப்பிடலாம்னு வந்து எட்டிப் பாத்தாரு. காத்துல கதவு சாத்திக்கிச்சு. இவ்ளோ நேரம் நாங்களே தொறந்து பாத்தோம்மா, உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னு."

வழியனுப்ப வந்திருக்கிறார்கள். ஒருத்தர் படியிறங்கினால் நம் வீட்டில் எல்லோரும் வாசலுக்கு வந்து நிற்போமே, அதற்காக. வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போயிருந்தார், எடுக்கவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. அது முந்நூறு வருஷத்துக் கட்டடம், தரையும் உத்தரமும் மரம். உள்ளே போய் ஆசிரியையின் காதில், "வீட்டில் நெருப்பு ஆகலாம், வந்துவிடுகிறேன்" என்று சொன்னேன். எவ்வளவு சரளமாகச் சொன்னேன் தெரியுமா! பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தக் கல் தெருவில் ஓடினேன். ஃப்ளாரன்ஸ்காரர்கள் வழிவிட்டார்கள்.

மூன்றாவது மாடியில் அண்ணி நைட்டியில், தோளில் துண்டோடு, கையில் டப்பாவோடு நின்றிருந்தார். அண்ணன் வேட்டி பனியனில். கதவிடுக்கில் புகை வந்துகொண்டிருந்தது. திறந்தேன். பால் பொங்கித் தீய்ந்து, பாத்திரம் கரியாகி, மேலே தொங்கிய கைத்துணி ஓரம் பொசுங்க ஆரம்பித்திருந்தது. அடுப்பை அணைத்து, துணியைத் தொட்டியில் எறிந்து, ஜன்னலைத் திறந்து, எதிர்வீட்டுக்காரர்களுக்கு ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று விளக்கி, இருமுகிற அண்ணனைக் காற்றாட உட்கார வைத்தேன். அண்ணி இட்லி டப்பாவை என்னிடம் நீட்டினார். "உனக்காகத்தாம்மா வந்தேன்" என்றார். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? இட்லி கொண்டுவந்தவரையா? தண்ணீர் கொடுத்தேன்.

திரும்ப ஓடியபோது தேவாலயக் கதவைக் காவலர் பூட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டுக்குச் சாத்திவிட்டு நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். படியில் ஆசிரியை மட்டும் எனக்காகக் காத்திருந்தார். மத்தியானம் அவருக்கு ரயில். பள்ளிக்கு அன்றோடு விடுமுறை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். "உங்கள் நேரத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கூடுதலாகப் பேசினார்கள்" என்று அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். பிறகு, "வாருங்கள், காபி குடித்துக்கொண்டே எனக்கு மட்டும் சொல்லுங்கள்" என்றார். வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்றேன். அந்தப் பதில் என் வாயிலிருந்து தானாக வந்தது. அதற்காகத்தான் என்னை நான் மன்னிக்கவே இல்லை. மத்தியானம் அவர்களைப் பீசாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

இர்விங் திரும்பி ஒரு மாதம் கழித்து, நீண்ட வார இறுதியில், எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்து. அண்ணியும் அண்ணனும் சுகர் லேண்டிலிருந்து காரில் வந்திருந்தார்கள். பக்கத்துத் தெருக் குடும்பம், டாக்டர் தம்பதி, எல்லோரும் இருந்தார்கள். அண்ணி பால் கதையைச் சொன்னார். நன்றாகச் சொல்வார் அவர். நைட்டியோடு நின்றதை, எதிர்வீட்டுக் கிழவர் எட்டிப் பார்த்ததை, அண்ணன் இத்தாலியன் ராகத்தில் "ஃபயர் ஃபயர்" என்று கத்தியதை. சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கண்ணில் நீர். "பாவம் இவ, ஏதோ கிளாஸ விட்டுட்டு ஓடி வந்தா" என்று முடித்தார்.

"ஆன்ட்டி, இத்தாலியன்ல ஏதாவது பேசிக் காட்டுங்களேன்!" என்றாள் ஒரு பெண். "ஆமா, பேசு பேசு" என்றார்கள். நம் கூட்டத்தில் பாடத் தெரிந்தவளைப் பாடச் சொல்வார்கள், ஆடத் தெரிந்தவளை ஆடச் சொல்வார்கள்.

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். சமையல் மேடைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஆரம்பித்தேன். மதிப்புக்குரிய ஆசிரியைக்கும் நண்பர்களுக்கும் வணக்கம் என்பதில் ஆரம்பித்தேன். இந்தச் சுவரின் இடப்பக்கம் உதிர்ந்திருக்கிறது, ஆகவே எத்தனை பேர் வருகிறார்கள் என்று நமக்குத் தெரியாது என்றேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிறவளின் கையைப் பாருங்கள் என்று டிவிப் பக்கம் கையைக் காட்டினேன். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. ஒருவர் போனில் வீடியோ எடுத்தார், பாதியில் நிறுத்தினார். நான் நிறுத்தவில்லை. பெற்றவள் வாசலைப் பார்க்கிறாள், அவளுக்கு வந்தவர்கள் மேல் கோபமில்லை, அவளைக் கொஞ்சம் தூங்கவிட்டால் போதும் என்று நான் எழுதியிருந்த கடைசி வரியை அண்ணியைப் பார்த்துச் சொன்னேன். ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை. பத்து நிமிஷம்.

கை தட்டினார்கள். "சூப்பர், சூப்பர்" என்றார்கள். டாக்டர், "கேக்கறதுக்கு அப்படியே தெலுங்கு மாதிரி இருக்கு இல்ல?" என்றார். அண்ணி, "எவ்ளோ அழகாப் பேசற!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார், உண்மையான சந்தோஷத்தோடு. என்ன சொன்னாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. என் கணவர்கூடக் கேட்கவில்லை.

"அடுத்து எந்த ஊரு ஆன்ட்டி? இப்பவே சொல்லிடுங்க, நாங்க லீவ் போடணும்" என்றாள் பக்கத்துத் தெருப் பெண்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார், என் முகத்தைப் பார்க்கும்வரை.